இடுப்பு மூட்டு அறுவைச் சிகிச்சை: உங்களுக்குள் எந்த மூட்டு இருக்கிறது என்று தெரியுமா?

இடுப்பு மூட்டு தேய்ந்து நடக்க முடியாமல் தவித்த பலர், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மீண்டும் சந்தைக்கும் கோயிலுக்கும் தாமே நடந்து செல்கிறார்கள். நவீன மருத்துவம் மூத்தோருக்கு அளித்துள்ள மிகப் பயனுள்ள சிகிச்சைகளில் இதுவும் ஒன்று. எனினும், எல்லாச் செயற்கை மூட்டுகளும் ஒரே மாதிரியானவை அல்ல. கடந்த காலத்தில் சில வகை மூட்டுகள் குறைபாடுள்ளவை எனத் தெரியவந்து, சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன.

நீங்கள் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள எண்ணுபவராக இருக்கலாம். ஏற்கெனவே செய்துகொண்டவராகவும் இருக்கலாம். இரு தரப்பினருக்கும் உதவும் வகையில் இந்தக் கையேடு தயாரிக்கப்பட்டுள்ளது. உங்கள் குடும்பத்தாருடன் சேர்ந்து படியுங்கள்.

இடுப்பு மூட்டு எங்கே இருக்கிறது?

நம்மில் பலர் முதுகின் அடிப்பகுதியில் வலித்தால் "இடுப்பு வலி" என்று சொல்வோம். அது பெரும்பாலும் முதுகெலும்பு தொடர்பான வலி. மருத்துவர் "இடுப்பு மூட்டு" என்று சொல்வது, தொடை எலும்பு இடுப்பெலும்புடன் சேரும் இடத்தை.

ஆட்டுக்கல்லையும் குழவியையும் நினைத்துப் பாருங்கள். தொடை எலும்பின் மேல்முனை பந்துபோல உருண்டையாக இருக்கும். அது இடுப்பெலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழியில் அமர்ந்து, எல்லாப் பக்கமும் சுழலும். பந்தின் மீதும் கிண்ணத்தின் உட்புறத்திலும் வழவழப்பான குருத்தெலும்பு படர்ந்திருக்கும். அது தேய்ந்துவிட்டால் எலும்பும் எலும்பும் உரசும். அப்போது வலியும் இறுக்கமும் ஏற்படும்.

இடுப்பு மூட்டுத் தேய்மானத்தின் வழக்கமான அறிகுறிகள்:

• தொடை இடுக்கில் வலி. சிலருக்கு அது தொடையின் முன்புறத்திலோ முழங்காலிலோ தெரியலாம்
• காலுறை அணியவும் கால் நகம் வெட்டவும் சிரமம்
• சம்மணமிட்டு உட்கார முடியாமை
• நொண்டி நடத்தல்
• இரவில் வலியால் தூக்கம் கலைதல்

மூட்டழற்சி மட்டுமே காரணம் அல்ல. எலும்பு முறிவு, முடக்குவாதம், பந்துப் பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைந்து எலும்பு அழிதல் ஆகியவற்றாலும் மூட்டு பாதிக்கப்படலாம். நீண்ட காலம் ஸ்டீராய்டு மருந்து உட்கொள்வதும் அளவுக்கு மீறி மது அருந்துவதும் அத்தகைய எலும்பு அழிவுக்குக் காரணமாகலாம்.

முதலில் உடற்பயிற்சி, உடல் எடையைக் குறைத்தல், கைத்தடி, வலி மருந்து ஆகியவற்றை முயன்று பார்ப்பார்கள். அவற்றால் பயன் இல்லாமல் அன்றாட வாழ்க்கை பாதிக்கப்படும்போதுதான் அறுவைச் சிகிச்சை பற்றிப் பேசப்படும்.

இரண்டு வகை அறுவைச் சிகிச்சைகள்

1. முழு இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை

தொடை எலும்பின் பந்துப் பகுதி வெட்டி எடுக்கப்படும். எலும்பின் உட்புறத்தில் ஓர் உலோகத் தண்டு செருகப்படும். அதன் மேல் உலோகம் அல்லது பீங்கானால் ஆன புதிய பந்து பொருத்தப்படும். இடுப்பெலும்பின் குழியில் புதிய கிண்ணம் வைக்கப்படும். கிண்ணத்தின் உட்புறத்தில் பெரும்பாலும் பாலிஎதிலீன் எனும் உறுதியான பிளாஸ்டிக் அல்லது பீங்கான் இருக்கும்.

இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி 1962இல் உலோகப் பந்தையும் பாலிஎதிலீன் கிண்ணத்தையும் இணைத்துப் பயன்படுத்தத் தொடங்கினார். இன்றைய மூட்டுகள் பெரும்பாலும் அவர் காட்டிய வழியில் வளர்ந்தவை.

2. மேற்பரப்பு மாற்று அறுவைச் சிகிச்சை

இதில் பந்து வெட்டி எடுக்கப்படுவதில்லை. அதன் தேய்ந்த மேற்பரப்பு மட்டும் செதுக்கப்பட்டு, அதன் மேல் ஓர் உலோகத் தொப்பி பொருத்தப்படும். இடுப்பெலும்பின் குழியிலும் உலோகக் கிண்ணம் வைக்கப்படும். பல்லைப் பிடுங்காமல் அதன் மேல் உறை மாட்டுவதைப் போன்றது இது.

இங்கிலாந்தின் பர்மிங்ஹம் நகரில் உருவாக்கப்பட்ட இவ்வகை மூட்டு ஒன்று 1997இல் அறிமுகமானது. 2000ஆம் ஆண்டுகளில் பல நாடுகளில் இச்சிகிச்சை பிரபலமானது. சென்னையிலும் இது செய்யப்பட்டது. வெளிநாட்டு நோயாளிகளும் அதற்காக அங்கே சென்றார்கள்.

எது யாருக்குப் பொருந்தும்?

மேற்பரப்பு மாற்றுச் சிகிச்சையின் நன்மைகள்:

• தொடை எலும்பு அதிகம் வெட்டப்படுவதில்லை. பிற்காலத்தில் மறு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால், தொடைப் பக்கத்தில் வேலை எளிதாகலாம்
• பந்து பெரியதாக இருப்பதால் மூட்டு நழுவும் ஆபத்து குறைவு

அதன் குறைகள்:

• தொப்பிக்குக் கீழே உள்ள எலும்பின் கழுத்துப் பகுதி முறியக்கூடும். அறுவைக்குப் பிந்திய முதல் சில மாதங்களில் இந்த ஆபத்து அதிகம்
• வழக்கமாக உலோகத்தோடு உலோகம் உரசுவதால், நுண்ணிய துகள்கள் வெளியாகும்

எனவே இது பொதுவாக எலும்பு வலுவுள்ள, உடல் பெரிய, சுறுசுறுப்பான நடுத்தர வயது ஆண்களுக்கே பரிசீலிக்கப்படுகிறது. எலும்பு மெலிவு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்கும் பொருந்தாது. ஏனெனில் இரத்தத்தில் கலக்கும் உலோகத்தைச் சிறுநீரகமே வெளியேற்ற வேண்டும். பெண்களுக்கு இச்சிகிச்சையின் பலன் குறைவாக இருந்தது. அவர்களது எலும்பின் பந்து பொதுவாகச் சிறியது. சிறிய அளவு மூட்டுகள் அதிகம் பழுதடைந்தன. பர்மிங்ஹம் வகை மூட்டின் தயாரிப்பு நிறுவனமே 2015இல் சிறிய அளவுகளைத் திரும்பப் பெற்று, பெண்களுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தது.

65 வயதைக் கடந்தவர்களுக்குப் பெரும்பாலும் முழு மூட்டு மாற்றுச் சிகிச்சையே பரிந்துரைக்கப்படுகிறது. அது எவ்வளவு காலம் நீடிக்கும் என்று பலர் கேட்கிறார்கள். பல நாடுகளின் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வின்படி, முழு இடுப்பு மூட்டு மாற்றுகளில் 100க்குச் சுமார் 89 மூட்டுகள் 15 ஆண்டுகளுக்கும், சுமார் 58 மூட்டுகள் 25 ஆண்டுகளுக்கும் நீடித்தன.

முழு மூட்டு மாற்றிலும் ஆபத்துகள் உண்டு. கிருமித்தொற்று, இரத்தக்கட்டு, மூட்டு நழுவுதல், கால்களின் நீளத்தில் சிறு வித்தியாசம், காலப்போக்கில் மூட்டு தளர்வடைதல் ஆகியவற்றைப் பற்றி உங்கள் மருத்துவர் விளக்குவார்.

குறைபாடுள்ள மூட்டுகள்: நடந்தது என்ன?

உலோகப் பந்தும் உலோகக் கிண்ணமும் தேயாமல் நெடுங்காலம் உழைக்கும் என்று ஒரு காலத்தில் நம்பப்பட்டது. அந்த நம்பிக்கையில் பல நிறுவனங்கள் அவ்வகை மூட்டுகளைத் தயாரித்தன. அவற்றுள் ஒன்று, டிபுய் நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் மூட்டு. அது 2003இல் விற்பனைக்கு வந்தது. மேற்பரப்பு மாற்றுக்கு ஒரு வகையும் முழு மூட்டு மாற்றுக்கு மற்றொரு வகையும் இருந்தன.

அதன் கிண்ணம் ஆழம் குறைவாக இருந்தது. தட்டையான கிண்ணத்தில் பந்து சுழலும்போது பாரம் கிண்ணத்தின் விளிம்பில் விழும். கிண்ணம் சற்றே சாய்வாகப் பொருத்தப்பட்டிருந்தால் உரசல் மேலும் கூடும். உரசிய இடத்திலிருந்து கோபால்ட், குரோமியம் ஆகிய உலோகங்களின் துகள்கள் சுற்றியுள்ள தசையிலும் இரத்தத்திலும் கலந்தன.

இதை முதலில் காட்டிக்கொடுத்தவை, மூட்டு மாற்றுப் பதிவேடுகள். யாருக்கு எந்த மூட்டு பொருத்தப்பட்டது, யாருக்கு மறு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது என்பதை அவை பதிவு செய்கின்றன. ஆஸ்திரேலியாவின் தேசியப் பதிவேடு 2007லேயே இந்த மூட்டு அதிகம் பழுதடைவதைக் கண்டது. 2009 இறுதியில் அந்நாட்டுச் சந்தையிலிருந்து அது மீட்டுக்கொள்ளப்பட்டது. 2010 ஆகஸ்ட் மாதம் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் சுமார் 93,000 மூட்டுகள் நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டிருந்தன. இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேட்டின்படி, ஐந்தே ஆண்டுகளில் 100 பேரில் 12 அல்லது 13 பேருக்கு மறு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது.

உரசும் பகுதி மட்டுமே பழுதுக்குக் காரணம் என்று எண்ண வேண்டாம். 2012இல் ஸ்ட்ரைக்கர் நிறுவனம் திரும்பப் பெற்ற இரண்டு வகைத் தண்டுகளில், தண்டும் கழுத்தும் இணையும் இடத்தில் அரிப்பு ஏற்பட்டது. ஆக, பந்து பீங்கானாக இருந்தாலும், வேறு இடத்தில் உலோகங்கள் இணைந்திருந்தால் மருத்துவர் அதையும் கவனிப்பார்.

கண்டுபிடிக்க முடியாத நோயாளிகள்

இந்தியாவில் சுமார் 4,700 ஏஎஸ்ஆர் அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. இந்தியச் சுகாதார அமைச்சு 2017இல் ஒரு வல்லுநர் குழுவை அமைத்து இதை ஆராய்ந்தது. அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் எங்கே இருக்கிறார்கள் என்று கண்டறிய முடியவில்லை. தங்கள் உடலில் இருப்பது திரும்பப் பெறப்பட்ட மூட்டு என்பது அவர்களில் பலருக்குத் தெரியாமலே இருக்கலாம்.

நம் நாட்டில் மருத்துவச் சாதனங்களைச் சுகாதார அறிவியல் ஆணையம் ஒழுங்குபடுத்துகிறது. எனினும், நீங்கள் பல ஆண்டுகளுக்கு முன்போ வெளிநாட்டிலோ அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்தால், உங்கள் மூட்டின் விவரங்கள் உங்களிடமே இருப்பதுதான் மிகப் பாதுகாப்பு.

பழுதடைந்த உலோக மூட்டு உடலை எப்படிப் பாதிக்கும்?

மூட்டைச் சுற்றி:

• தொடை இடுக்கில் அல்லது பிட்டத்தில் புதிய வலி
• வீக்கம் அல்லது கட்டி
• நொண்டி நடத்தல், கால் பலவீனம்
• நடக்கும்போது "கிறீச்" என்ற சத்தம் அல்லது உரசும் உணர்வு

உலோகத் துகள்கள் தசையை அரித்து, உள்ளே திரவம் தேங்கலாம். அது புற்றுநோய் அன்று. எனினும் கவனிக்காமல் விட்டால் தசையும் எலும்பும் சேதமடைந்து, பின்னர் செய்யும் அறுவைச் சிகிச்சை கடினமாகிவிடும்.

உடலின் மற்றப் பகுதிகளில் (இது அரிது):

• காது கேட்பது குறைதல், காதில் இரைச்சல்
• பார்வை மங்குதல்
• கை கால்களில் மரத்துப்போதல்
• மூச்சிரைப்பு, இதயத் தசை பலவீனம்
• தைராய்டு சுரப்பு குறைந்து ஏற்படும் சோர்வு, குளிர் தாங்க முடியாமை

இவை முதுமையிலும் மற்ற நோய்களிலும் வரக்கூடியவை என்பதால் எளிதில் தவறவிடப்படுகின்றன. ஆகவே எந்த மருத்துவரைப் பார்த்தாலும், "எனக்குச் செயற்கை இடுப்பு மூட்டு இருக்கிறது" என்று முதலிலேயே சொல்லுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு

இது கற்பனை நிகழ்ச்சி. ஆனால் இப்படி யாருக்கும் நேரலாம்.

72 வயதுப் பெண்மணி ஒருவர். 2007இல் வெளிநாட்டில் இடுப்பு மூட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். பல ஆண்டுகள் நன்றாக நடந்தார். அண்மையில் தொடை இடுக்கில் வலி. பேருந்தில் ஏறுவது சிரமமாயிற்று. "வயசானா வலிக்கத்தான் செய்யும்" என்று தைலம் தேய்த்துக்கொண்டார். வலியைப் பற்றிச் சொன்னால் பிள்ளைகள் கவலைப்படுவார்கள் என்று எவரிடமும் சொல்லவில்லை.

நீரிழிவுப் பரிசோதனைக்காகப் பலதுறை மருந்தகத்திற்குச் சென்றபோது, அவர் நொண்டி நடப்பதைத் தாதி கவனித்தார். "அம்மா, எந்த வகை மூட்டு வைத்தார்கள் என்று தெரியுமா?" என்று கேட்டார். பெண்மணிக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னார். இருவரும் சேர்ந்து பழைய தகரப் பெட்டியைத் தேடினார்கள். மருத்துவமனைத் தாள்களுக்கிடையே சிறிய ஒட்டுவில்லை ஒன்று கிடைத்தது. அதில் தயாரிப்பாளர் பெயர், வகை, அளவு, தொகுதி எண் எல்லாம் இருந்தன. அது உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டு.

எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை, எம்ஆர்ஐ ஆகியவற்றைச் செய்தார். மூட்டைச் சுற்றித் திரவம் தேங்கியிருந்தது. தசை பெரிதாகச் சேதமடைவதற்கு முன்பே மறு அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. பேருந்தில் ஏற அவருக்கு மீண்டும் உதவி தேவைப்படவில்லை.

அவரைக் காப்பாற்றியவை இரண்டு: தாதியின் ஒரு கேள்வி, தூக்கி எறியாமல் வைத்திருந்த ஓர் ஒட்டுவில்லை.

என்னென்ன பரிசோதனைகள் செய்யப்படலாம்?

• எக்ஸ்ரே: மூட்டு தளர்ந்துள்ளதா, கிண்ணம் எந்தச் சாய்வில் உள்ளது என்று காட்டும்
• இரத்தப் பரிசோதனை: கோபால்ட், குரோமியம் அளவு தெரியும். பிரிட்டனின் வழிகாட்டுதலில், ஒரு லிட்டர் இரத்தத்தில் 7 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுமார் மூன்று மாதங்களுக்குப் பிறகு மறுபடியும் பரிசோதிக்கும்படி கூறப்பட்டது
• சிறப்பு முறையில் எடுக்கப்படும் எம்ஆர்ஐ அல்லது அல்ட்ராசவுண்ட்: தசையில் பாதிப்பு, திரவம் அல்லது கட்டி உள்ளதா என்று காட்டும்

ஒரு பரிசோதனையின் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்கமாட்டார்கள். உங்கள் வலி, நடை, படங்கள், இரத்த அளவு எல்லாவற்றையும் சேர்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.

தவறான எண்ணமும் உண்மையும்

"மூட்டு திரும்பப் பெறப்பட்டது என்றால் உடனே எடுத்துவிட வேண்டும்."
அப்படி இல்லை. திரும்பப் பெறுதல் என்றால் அந்த மூட்டைப் புதிதாக எவருக்கும் பொருத்தக்கூடாது என்பதே முதல் பொருள். ஏற்கெனவே பொருத்தப்பட்டவர்களில் பலர் தொல்லை இல்லாமல் இருக்கிறார்கள். அவர்களுக்கு முறையான கண்காணிப்பு தேவை.

"வலி இல்லை, அதனால் பரிசோதனை வேண்டாம்."
வலி இல்லாமலும் தசையில் பாதிப்பு ஏற்படலாம். உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டு உள்ளவர்கள், மருத்துவர் சொன்ன கால இடைவெளியில் தவறாமல் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும்.

"உருவிவிட்டால் சரியாகிவிடும்."
செயற்கை மூட்டில் புதிய வலி வந்தால் எவரையும் காலை இழுக்கவோ அழுத்தி உருவவோ விடாதீர்கள். மூட்டு நழுவக்கூடும். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

"எல்லாச் செயற்கை மூட்டும் ஆபத்தானவை."
இதுவும் தவறு. பெரும்பாலான முழு மூட்டு மாற்றுகள் நீண்ட காலம் நன்றாக வேலை செய்கின்றன. அச்சத்தால் தேவையான சிகிச்சையைத் தள்ளிப்போட்டால், நடமாட்டம் குறைந்து தசை மெலிந்து, விழுந்துவிடும் ஆபத்து கூடும்.

அறுவைச் சிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள்

• எனக்கு எந்த வகைச் சிகிச்சை? ஏன் அதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள்?
• பந்தும் கிண்ணமும் எந்தப் பொருளால் ஆனவை?
• இந்த மூட்டு எத்தனை ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளது? பதிவேடுகளில் அதன் நிலை என்ன?
• என் எலும்பின் வலுவும் சிறுநீரகமும் எப்படி உள்ளன?
• அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் என்ன ஆகும்?
• எத்தனை நாளில் நடப்பேன்? சம்மணமிட்டு உட்காரலாமா?
• செலவு எவ்வளவு? மெடிசேவ், மெடிஷீல்டு லைஃப் எவ்வளவு உதவும்?

கேள்வி கேட்பது மருத்துவரை மதிக்காததாகாது. தமிழில் விளக்கம் வேண்டும் என்றால் தயங்காமல் சொல்லுங்கள். குடும்பத்தார் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். செலவு பற்றிக் கவலை இருந்தால் மருத்துவமனையின் மருத்துவச் சமூக ஊழியரிடம் பேசுங்கள். வீட்டில் கைப்பிடிகள் பொருத்தவும் குளியலறைத் தரை வழுக்காமலிருக்கவும் வீவக-வின் ஈஸ் திட்டம் உதவும்.

ஏற்கெனவே அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் செய்ய வேண்டியவை

1. உங்கள் மூட்டின் அட்டையை அல்லது ஒட்டுவில்லையைத் தேடி எடுங்கள். தயாரிப்பாளர், வகை, அளவு, தொகுதி எண், அறுவை செய்த தேதி ஆகியவை அதில் இருக்கும்.
2. கைப்பேசியில் படம் எடுத்து, பிள்ளைகளுக்கும் ஒரு படம் அனுப்பிவையுங்கள்.
3. அட்டை இல்லையென்றால், அறுவை செய்த மருத்துவமனையின் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவைக் கேளுங்கள். வெளிநாட்டில் செய்திருந்தால் கடிதம் அல்லது மின்னஞ்சல் மூலம் கேளுங்கள்.
4. விவரம் கிடைக்காவிட்டாலும் விட்டுவிடாதீர்கள். எக்ஸ்ரே படத்தைப் பார்த்து மருத்துவரால் பல தகவல்களை அறிய முடியும்.
5. முகவரி அல்லது தொலைபேசி எண் மாறினால் மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். எச்சரிக்கைக் கடிதம் பழைய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் எவருக்கும் பயனில்லை.
6. தொடர் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள்.

உடனே உதவி நாடுங்கள்

பின்வருவன ஏற்பட்டால் 995 எண்ணை அழையுங்கள்:

• திடீரெனக் கடும் வலி, காலை ஊன்ற முடியாமை, கால் குட்டையாகவோ திரும்பியோ இருப்பது
• நெஞ்சு வலி அல்லது திடீர் மூச்சுத் திணறல்

பின்வருவன ஏற்பட்டால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்:

• காய்ச்சல், புண்ணில் சிவப்பு, சீழ் அல்லது நீர் கசிதல்
• கெண்டைக்காலில் வலியுடன் வீக்கம்

நினைவில் வையுங்கள்

செயற்கை மூட்டு உங்களுக்கு மீண்டும் நடமாட்டத்தைத் தரும். ஆனால் அது கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கும் ஒரு சாதனம். எந்தச் சாதனத்தையும் போல அதற்கும் பெயரும் எண்ணும் உண்டு. வீட்டில் உள்ள குளிர்பதனப் பெட்டிக்கே உத்தரவாத அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். நம்மைத் தாங்கி நடக்கும் மூட்டின் அட்டையை அதைவிடப் பத்திரமாக வைத்திருப்போம்.

இன்றே அந்த அட்டையைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால், அடுத்த முறை பலதுறை மருந்தகத்திற்குச் செல்லும்போது அதைப் பற்றிக் கேளுங்கள்.

இந்தக் கையேடு பொதுவான தகவலுக்காக மட்டுமே. உங்கள் உடல்நிலை பற்றிய ஆலோசனைக்கு உங்கள் மருத்துவரை நாடுங்கள்.